நிகண்டும் நெடுங்கணக்கும்: தமிழில் மூலகம் கற்பித்தல்

தமிழ்க் குழந்தை எழுத்தறியத் தொடங்குங்கால் அதன் முன் வைக்கப்படுவது நெடுங்கணக்கு. மெய் பதினெட்டும் ஒருபுறமும் உயிர் பன்னிரண்டும் மறுபுறமும் நிற்க, இரண்டும் சந்திக்கும் கட்டந்தோறும் ஓர் உயிர்மெய் பிறக்கின்றது. அங்ஙனம் பிறக்கும் 216 எழுத்தையும் தனித்தனியே மனனஞ் செய்து கற்கும் குழந்தை இல்லை. வரிசை முறையை அறிந்துகொண்ட குழந்தை, முன்பு பாராத கட்டத்திலும் எவ்வொலி இருத்தல் வேண்டுமென்பதைத் தானே சொல்லிவிடுகின்றது. ஙகர வரிசையிற் பெரும்பாலான எழுத்துக்கள் சொல்லில் வழங்குவதில்லை. எனினும் அவற்றுக்குரிய இடங்களை எவரும் நீக்கிவிடவில்லை.

தமிழர் கற்ற பழைய நூல்களுள் இன்னொன்று நிகண்டு. அது பெயர்களின் தொகுதி. அதனைப் படிப்பவன் பாடஞ் செய்தல் வேண்டும். பாடஞ் செய்யாத பெயரை ஊகித்தறிய வழியில்லை. இரசாயனவியல் வகுப்பின் சுவரில் தொங்கும் ஆவர்த்தன அட்டவணை இவ்விரண்டனுள் எதனைச் சார்ந்தது? ஐயமின்றி நெடுங்கணக்கையே சார்ந்தது. ஆயினும் பெரும்பாலான வகுப்புக்களில் அது நிகண்டாகவே கற்பிக்கப்படுகின்றது. இக்குறை எவ்வாறு நேர்ந்தது என்பதும், அதனை நீக்குதற்கு வழி யாது என்பதும் ஆராயத்தக்கன.

தமிழில் இரசாயனவியல் கற்பிக்கும் முயற்சி ஈழநாட்டிலே பழமை வாய்ந்தது. 1847இல் அமெரிக்க மிசன் வைத்தியராக இலங்கைக்கு வந்து, மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீன், ஆங்கிலத்திலே தொடங்கிய போதனையைப் பின்னர்த் தமிழுக்கு மாற்றினார். வெல்சு என்பாரின் ஆங்கில நூலைத் தழுவி, சப்மன், சுவாமிநாதன் ஆகியோர் மொழிபெயர்க்க, கிறீன் பார்வையிட்ட ‘கெமிஸ்தம்’ 1875இல் வெளிவந்தது. நூலின் பெயரே கிறீனின் கொள்கையைக் காட்டும். தகுந்த தமிழ்ச்சொல்லை முதலில் நாடுதல், கிடையாவிடின் வடசொல்லைக் கொள்ளுதல், அதுவும் பொருந்தாவிடின் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஓசைக்கு இயைய ஆக்கிக்கொள்ளுதல் என்பது அவர் நெறி. இந்நெறியிற் பிடிவாதம் இல்லை. கற்பவனுடைய தேவையே முதன்மை பெற்றது.

எனினும் ஒன்று நோக்கத்தக்கது. வெல்சின் நூல் முதன்முதல் வெளிவந்தது 1858இல். அணுநிறைகள் பற்றி ஐரோப்பிய இரசாயன அறிஞரிடையே ஒருமைப்பாடு ஏற்படாத காலம் அது. அவர்கள் காள்சுருவே நகரிற் கூடி ஆராய்ந்தது 1860இல். இரசிய நாட்டு மெண்டலீவ் தம் அட்டவணையை வெளியிட்டது 1869இல். ஆகவே மூலகங்களின் ஒழுங்கு புலப்படுமுன் எழுந்ததொரு நூலை அடியொற்றியே தமிழ் இரசாயனம் பிறந்தது. இது கிறீனின் குற்றமன்று, காலத்தின் எல்லை. ஆயின் அக்காலந் தொட்டுத் தமிழறிஞரின் கவலை பெயர் பற்றியதாகவே நின்றுவிட்டது.

அக்கவலையினால் விளைந்த பயன் சிறிதன்று. கொழும்புத் தொழினுட்பக் கல்லூரியில் விஞ்ஞானம் பயின்று, 1920இல் மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராகிய மயில்வாகனனார், பின்னர் விபுலாநந்த அடிகளாக, 1936இல் சென்னையிற் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். அதன் பயனாகிய ‘கலைச்சொற்கள்’ 1938இல் அச்சேறிற்று. 1950களிலும் 1960களிலும் தாய்மொழிக் கல்வி இடைநிலை வகுப்புக்களில் விரிந்தபோது, இலங்கை அரசகரும மொழித் திணைக்களம் துறைதோறும் சொற்றொகுதிகளை வெளியிட்டது. தமிழகத்தார் தனிமம் என்பதை ஈழத்தார் மூலகம் என்பர்; அவர் ஆக்சிஜன் என எழுதுவதை இவர் ஒட்சிசன் என எழுதுவர். இவ்வேறுபாட்டை முன்னிட்டு நிகழ்ந்த வாதங்கள் பல. ஆயினும் எப்பெயரைக் கொண்டாலும் பொருளின் இயல்பு அதனாற் புலப்படுமா என்ற வினா அவ்வாதங்களிடையே மறக்கப்பட்டது.

பெயர் பலவிடத்துப் பிழையே கூறும். ஒட்சிசனுக்குப் பெயரிட்ட இலவோசியே, அமிலங்கள் யாவற்றையும் பிறப்பிப்பது அதுவே எனக் கருதி, அமிலத்தைத் தோற்றுவிப்பது என்னும் பொருள்பட அப்பெயரை அமைத்தார். ஐதரோகுளோரிக் கமிலத்தில் ஒட்சிசன் இல்லையென்பதை 1810இல் தேவி என்பார் நிறுவினார், பெயரோ மாறவில்லை. அதனைத் தூய தமிழில் பெயர்த்திருந்தால் தூய தமிழில் ஒரு பிழை நிலைத்திருக்கும். ஈலியம் என்னும் பெயரின் ஈறு உலோகங்களுக்குரியது, ஈலியமோ வாயு. இலங்கைச் சுரங்கங்களில் அகழப்படும் பென்சிற்கரியை மக்கள் காரீயம் என்பர். அதில் ஈயம் அணுவளவும் இல்லை, அது காபனே. பெயரையே பற்றி நடக்கும் மாணவன் இவ்விடங்களில் இடறுவான்.

இடமோ இவ்வாறு ஏமாற்றுவதில்லை. மெண்டலீவின் காலத்தில் அறியப்பட்டிருந்தவை 63 மூலகங்கள். அவற்றை அணுநிறை முறையில் நிறுத்தி, இயல்பொத்தவற்றை ஒரு நிரலிற் சேர்த்தபோது, சில இடங்கள் வெறுமையாய் நின்றன. ஙகர வரிசையை விட்டுவைத்த இலக்கணகாரரைப் போல அவரும் அவ்விடங்களை அழியாது விட்டார். அவற்றில் வந்து நிற்கவேண்டிய பொருள்களின் நிறையையும் அடர்த்தியையுங்கூட முன்னரே எழுதிவைத்தார். அவற்றுக்கு அவர் சூட்டிய பெயர்கள் தமிழ் மாணவனுக்குப் புதியன அல்ல. ஏக என்னும் வடமொழி எண்ணுப்பெயரைக் கொண்டு ஏக அலுமினியம், ஏக சிலிக்கன் என வழங்கினார்.

‘கெமிஸ்தம்’ வெளிவந்த அதே 1875இல் பிரான்சிலே ஏக அலுமினியம் கிடைத்தது. கல்லியம் எனப் பெயர்பெற்ற அதன் அடர்த்தி 4.7 எனக் கண்டவர் அறிவித்தார். அது 5.9 அளவில் இருத்தல் வேண்டும், பொருளைத் தூய்மையாக்கி மீண்டும் அளந்து பார்க்க என்று மெண்டலீவ் எழுதினார். மீண்டும் அளந்தபோது 5.9 என்றே வந்தது. பொருளைக் கண்ணாற் காணாதவர், அதனைக் கையில் வைத்திருந்தவரைத் திருத்தினார். 1886இல் சேர்மானியம் கண்டுபிடிக்கப்பட்டு ஏக சிலிக்கனின் இடத்தை நிரப்பிற்று. எதிர்பார்த்த அணுநிறை 72, கண்டது 72.6. இவ்வரலாற்றைக் கேளாமல் அட்டவணையைப் படிக்கும் மாணவன், விடுகதையைக் கேளாது விடையை மட்டும் பாடஞ் செய்பவனாவான்.

பிழைத்த பெயரை இடம் திருத்தியதற்கு இலங்கையே ஒரு சான்று தருகின்றது. கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி இலங்கைக் கனிப்பொருளாய்வுக்குத் தலைவராயிருந்த காலத்தில், பலாங்கொடைப் பகுதியிலிருந்து புதிய கனிப்பொருளொன்று வெளிப்பட்டது; 1904இல் அது தோரியனைற்று எனப்பட்டது. இலண்டனில் இராம்சேயின் ஆய்வுகூடத்தில் 1905இல் அக்கனிப்பொருளிலிருந்து பெற்ற உப்புக்களை ஆராய்ந்த ஒற்றோ கான், கதிர்வீசும் புதுப்பொருளொன்றைக் கண்டு இரேடியோதோரியம் எனப் பெயரிட்டார். பின்னர் முயன்றோர் அதனைத் தோரியத்தினின்றும் எவ்விரசாயன முறையாலும் பிரிக்க இயலாமை கண்டனர். அட்டவணையில் அதற்குத் தனியிடம் இல்லை. தோரியத்தின் இடமே அதன் இடம். இத்தகையவற்றுக்கு, ஒரே இடத்தில் நிற்பன என்னும் பொருளமைந்த பெயரை 1913இல் சொடி வழங்கினார். ஈழத்துத் தமிழ்ப் பாடநூல்கள் அதனைச் சமதானி என்கின்றன. அச்சொல்லை ஒப்பிக்கும் மாணவருள், அதன் வரலாற்றில் தம் நாட்டுக் கல்லொன்றும் கலந்திருத்தலை அறிந்தோர் எத்துணையர்?

இனி வகுப்பறையை நோக்குவோர்க்கு ஒரு தடை தோன்றும். சாதாரணதர வகுப்பில் அணுவெண் ஒன்று முதல் இருபது வரையுள்ள மூலகங்களே விரிவாகப் பயிலப்படுகின்றன. அச்சிறு பகுதியில் இத்துணைப் பெரிய ஒழுங்கை எவ்வாறு காட்டுவது என்பர். பரீட்சையோ அண்மையில், காலமோ குறைவு. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மாலைவேளைகளில் நிரம்பி வழியும் தனியார் வகுப்புக்களில் இருபது பெயரையும் ஓசைநயம்படக் கோத்துப் பாடஞ் செய்விப்பதே எளிதான வழி. ஆசிரியரை மட்டும் குறைகூறுதல் நீதியாகாது. வினாத்தாள் எதனைக் கேட்கின்றதோ அதனையே வகுப்பும் கொடுக்கும்.

ஆயினும் அந்த இருபதனுள்ளேயே எல்லாம் அடங்கியுள்ளன. இலிதியம் 7, சோடியம் 23, பொற்றாசியம் 39 என்னும் நிறைகளை எழுதி, முதலதையும் மூன்றாவதையும் கூட்டிப் பாதியாக்கச் சொன்னால், நடுவிலுள்ளதன் நிறையை மாணவன் தானே காண்பான். மெண்டலீவுக்கு முன்னர் தொபரைனர் கண்ட முக்கூட்டு அதுவே. ஆகனின் நிறை 39.9, அதனையடுத்து நிற்கும் பொற்றாசியத்தின் நிறை 39.1. நிறை குறைந்தது பின்னிற்பது ஏன் என்று ஒரு மாணவி எழுந்து கேட்பாளாயின், அன்றைய பாடம் வெற்றி பெற்றதென்க. 1913இல் மோசிலி என்னும் இளைஞர் ஊடுகதிர்களைக்கொண்டு நிலைநாட்டிய அணுவெண்ணே அவ்வினாவுக்கு விடை. அவ்வினா எழுமுன்னரே விடையைச் சொல்லிவிடுவதுதான் இன்றைய போதனையின் பெருங்குறை.

உதாரணங்களைத் தேடி நெடுந்தூரம் செல்லவும் வேண்டியதில்லை. வெள்ளவத்தைக் கடற்கரையில் நிற்பவனின் உதட்டிற்படியும் உப்பு, அட்டவணையின் இடக்கோடியிலுள்ள உலோகமும் வலப்புறத்து அலசனும் கூடியது. கொட்டாஞ்சேனைக்கு அணித்தாயுள்ள செட்டியார் தெருவில் நகை செய்வோர் பொன்னோடு செம்பையும் வெள்ளியையும் கலப்பர். அம்மூன்றும் அட்டவணையில் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒரே நிரலில் நிற்பன. காரீயம் என்னும் பெயர் பிழையாயினும், அதிலுள்ள காபனையும் வெள்ளீயத்தையும் ஈயத்தையும் ஒரு நிரலிற் காணலாம். அந்நிரலின் தலையில் அல்லுலோகம், அடியில் உலோகம். இடையிலே 1886 வரை வெறுமையாயிருந்த ஓரிடம். இந்த ஒரு நிரலைக் கொண்டே ஒரு முழுப்பாடம் நடத்தலாம்.

இதனால் வரும் பயன் பரீட்சையோடு முடிவதன்று. தமிழ்மொழி மூலம் உயர்தரம் பயின்று பல்கலைக்கழகம் புகும் விஞ்ஞான மாணவர், அங்கே ஆங்கிலத்திற் பயிலவேண்டியவராகின்றனர். பெயர்களை மட்டும் சேர்த்து வைத்திருந்தவர் அன்று தம் கல்வி முழுவதையும் இழந்தவர்போல மயங்குவர். அம்மயக்கத்துக்குத் தாய்மொழியைக் காரணங்காட்டுவாரும் உளர். ஒழுங்கைக் கற்றவர்க்கு அத்துணை இழப்பில்லை. நாகம் சிங்காக மாறினும் அதன் இடம் முப்பதாவதே. மூலகங்களின் தொகை இன்று 118 ஆகிவிட்டது. 2016இல் இறுதி நான்கிற்கும் பெயரிடப்பட்டு ஏழாம் ஆவர்த்தனம் நிறைவெய்திற்று. இனியும் புதியன தோன்றலாம். அவற்றின் பெயர்களை இன்று எவரும் மாணவருக்குக் கற்பிக்க இயலாது; அவை எந்நிரலில் வந்து நிற்குமென்பதை எண்ணிப்பார்க்கக் கற்பிக்கலாம்.

கிறீனும் விபுலாநந்தரும் அவர்க்குப் பின்வந்தோரும் பெயர்களைத் தேடித் தந்தனர். அவர்கள் உழைப்பினால் தமிழ் மாணவர் கையில் இன்று சொற்குறை இல்லை. எஞ்சிய பணி வகுப்பாசிரியருக்கும் வினாத்தாள் அமைப்போருக்கும் உரியது. மூலகத்தின் பெயரைக் கேட்கும் வினாவோடு, அதன் இடத்தைக் காட்டி இயல்பை ஊகிக்கக் கேட்கும் வினாவொன்றையும் சேர்ப்பார்களாயின், ஐந்து வயதில் நெடுங்கணக்கைக் கற்ற மாணவன் பதினைந்து வயதில் ஆவர்த்தன அட்டவணையையும் அவ்வாறே கற்பான்.