பெயரும் சான்றும்

கொடைக்கானலை அடுத்த செண்பகனூரில் 1895-இல் நிறுவப்பெற்ற இயேசு சபையின் திரு இருதயக் கல்லூரி, துறவியரோடு தாவரவியலாரையும் நமக்குத் தந்தது. அம்மரபில் வந்தவர் அருட்திரு கே. எம். மேத்யூ, சே.ச. பழனி மலைத் தாவரங்களைக் குறித்து அவர் ஆங்கிலத்தில் எழுதிய பெருநூல் 1999-இல் மூன்று பகுதிகளாக வெளிவந்தது. அதனைத் தாழ்ச்சியின் நூலாகவும் படிக்கலாம்.

ஒரு செடியின் பெயரைத் தம் வாக்கை நம்பியே ஏற்குமாறு ஆசிரியர் கேட்பதில்லை. மலையேறிப் பறித்து, உலர்த்தி, தாளில் ஒட்டி, இடமும் நாளும் குறித்துத் திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராப்பினாட் ஹெர்பேரியத்தில் வைத்த மாதிரிகளே சான்று. ஐயுறுவோர் பார்த்துத் திருத்தலாம். திருத்தப்பட இசைவதே அறிஞரின் தாழ்ச்சி.

நாம் தாங்கும் பெயரின் நிலை என்ன? 'கிறிஸ்தவர்' என்று சீடர்கள் தமக்குத் தாமே பெயர் சூட்டிக்கொள்ளவில்லை. அந்தியோக்கியாவில் அவர்கள் முதன்முறையாக அவ்வாறு அழைக்கப்பட்டனர் (திப 11:26). திருமுழுக்குப் பதிவேடு நம் பெயரைச் சொல்லும். அப்பெயருக்குரிய வாழ்வை அயலாரே சொல்ல வேண்டும். சொல்வார்களா? அவர்கள் நம்மைத் திருத்தினால் ஏற்போமா?

நூலில் குறையொன்றும் உண்டு. ஆங்கிலம் அறியாத மலைமக்களுக்கு அது மூடிய ஏடாகவே இருக்கிறது. எளியோர் கைக்கு எட்டாத அறிவு, தாழ்ச்சியின் வழியில் பாதி தொலைவே நடந்திருக்கிறது. எஞ்சிய பாதியைத் தமிழில் நடப்பது நம் கடன்.

குனிந்து பார்ப்பவருக்கே புல்லின் பெயர் தெரியும். அயலான்முன் பணிந்து நிற்கும்போதே நம் பெயரும் அவனுக்கு விளங்கும்.