அலரும் எதிர்ப்பும்: ‘சாக்லேட்’, ‘லிஹாஃப்’, ‘ஃபயர்’ ஆகிய படைப்புகளின் ஏற்பு வரலாறு

முன்னுரை

ஒரு படைப்பு எதிர்ப்புக்கு உள்ளாகும்போது அவ்வெதிர்ப்பையும் ஒருவகை வாசிப்பாகவே கொள்ளவேண்டும். படைப்பில் எது சொல்லப்பட்டது, எது சொல்லத்தகாததாகக் கருதப்பட்டது, யார் சொன்னமையால் அது குற்றமாயிற்று என்பனவற்றை எதிர்ப்போரின் கூற்றுகளே பெரும்பாலும் தெளிவாகக் காட்டிவிடுகின்றன. இருபதாம் நூற்றாண்டு இந்தியாவில் தன்பால் காதலைப் பொருளாகக் கொண்ட மூன்று படைப்புகள் பொதுவெளியில் பெரும் எதிர்ப்பைச் சந்தித்தன. அவை பாண்டேய பேசன் சர்மா ‘உக்ர’ இந்தியில் எழுதிய ‘சாக்லேட்’ (1927), இஸ்மத் சுக்தாய் உருதுவில் எழுதிய ‘லிஹாஃப்’ (1942), தீபா மேத்தா இயக்கிய ‘ஃபயர்’ (1996) ஆகியனவாம். இம்மூன்றும் எதிர்கொள்ளப்பட்ட முறையைத் தமிழ் அகப்பொருள் மரபின் அம்பல், அலர் ஆகிய கருத்தாக்கங்களின் துணைகொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். சங்கப் பாடல்களில் தன்பால் காதல் பாடப்பட்டுள்ளது என நிறுவுவது இதன் நோக்கமன்று. மறைவில் நிகழும் காதலுக்கும் அதைப் பேசும் ஊருக்கும் உள்ள உறவை நுட்பமாக வகுத்துரைத்த ஒரு கோட்பாடு, பிற்காலச் சமூக நிகழ்வு ஒன்றை விளக்க எந்த அளவுக்குப் பயன்படும், எவ்விடத்தில் பயன்படாது போகும் என்பதே ஆராயப்படுகிறது.

அம்பலும் அலரும்

களவொழுக்கத்தை வெளிப்படுத்துவன அம்பலும் அலரும் எனத் தொல்காப்பியக் களவியல் கூறும். சொல்லாக வெளிப்படாது முகக்குறிப்பளவில் நிற்பது அம்பல் என்றும், இன்னாரோடு இன்னார்க்கு உறவு எனச் சொல்லாகப் பரவுவது அலர் என்றும் உரையாசிரியர்கள் வேறுபடுத்துவர். அலர் தலைவிக்குத் துன்பம் தருவது. ஆயினும் தோழி அவ்வலரையே காட்டித் தலைவனிடம் வரைவு கடாவுகிறாள். ஆகவே அலர் காதலை ஒடுக்கும் ஆற்றலாக இருப்பதுடன், காதலை மறைவிலிருந்து ஊரறியும் நிலைக்குக் கொண்டுசெல்லும் கருவியாகவும் அமைகிறது. இவ்விரட்டைத் தன்மை ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

அகத்திணையில் தலைமக்களின் இயற்பெயரைச் சுட்டுதல் கூடாது என்பதும் இம்மரபின் விதியே. இது கவிஞன் தானே மேற்கொள்ளும் கட்டுப்பாடு. எவரும் தம் காதலை ஏற்றிப் பார்க்குமாறு பாடலைப் பொதுமையாக்குவது அதன் பயன். பேசுவோரை அச்சுறுத்தி விளைவிக்கப்படும் மௌனம் இதனினும் முற்றிலும் வேறானது. பெயர் கூறாமை, பெயர் கூற விடாமை ஆகிய இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டு, மறைத்தலே நம் மரபு என வாதிடுவது பொருந்தாது.

‘சாக்லேட்’: கண்டிக்கும் குரலும் குற்றமாதல்

உக்ரவின் ‘சாக்லேட்’ என்னும் சிறுகதை 1924-இல் கல்கத்தாவிலிருந்து வெளிவந்த ‘மத்வாலா’ இதழில் இடம்பெற்றது. இப்பொருள் பற்றிய கதைகளின் தொகுதி அதே பெயரில் 1927-இல் நூலாயிற்று. ஆடவர் இளைஞர்பால் கொள்ளும் வேட்கையைச் சமூகக் கேடாகக் காட்டி ஒழிப்பதே தம் நோக்கம் என்று ஆசிரியர் வாதிட்டார். கதைகளின் முடிவுகளும் பெரும்பாலும் இகழ்ச்சியாகவோ அழிவாகவோ அமைந்துள்ளன. வயதுவந்த இருவரிடையே தோன்றும் அன்பையும், சிறுவரைத் தம் விருப்பத்துக்குப் பயன்படுத்தும் கொடுமையையும் இக்கதைகள் ஒன்றாகவே கலந்து நோக்குகின்றன. இது இத்தொகுதியின் அடிப்படைக் குறையாகும்.

தன்பால் வேட்கையைக் கண்டித்த இந்நூலே கண்டனத்துக்கு உள்ளானது வியப்புக்குரியது. ‘விஷால் பாரத்’ இதழின் ஆசிரியர் பனாரசிதாஸ் சதுர்வேதி இத்தகைய எழுத்துகளை மண்ணெண்ணெய் எனப் பொருள்படும் சொல்லால் ‘காஸ்லேட்டி’ இலக்கியம் எனப் பெயரிட்டு ஓர் இயக்கமே நடத்தினார். நூலைப் படித்த காந்தியடிகள் அதன் நோக்கத்தில் தீமை காணவில்லை என்ற கருத்தில் சதுர்வேதிக்கு எழுதிய கடிதம் நெடுங்காலம் வெளியிடப்படாமலே இருந்தது. நூலோ மிக விரைவில் விற்றுத் தீர்ந்தது.

எதிர்த்தோரின் அச்சத்துக்குக் கதைகளிலேயே ஒரு காரணம் உண்டு. இழிந்தோராகச் சித்திரிக்கப்படும் பாத்திரங்கள் உருதுக் கவிதையை இசைக்கின்றனர். பழங்கால முன்மாதிரிகளைக் காட்டித் தம் வேட்கைக்கு நியாயம் உரைக்கின்றனர். கதைசொல்லியின் கண்டனத்தைக் காட்டிலும் அப்பாத்திரங்களின் பேச்சில் உயிர்ப்பு மிகுதி. கண்டிப்பதற்காகவேனும் ஒன்றை வருணித்தால் அது வாசகர் முன் உருப்பெற்று நிற்கும் என்பதை எதிர்ப்பாளர்கள் உக்ரவைவிட நன்கு உணர்ந்திருந்தனர் எனலாம். அவர்களின் தடை, ஆசிரியரின் நிலைப்பாட்டின் மீதன்று; பொருள் அச்சேறியதன் மீதே என்பது இதனால் பெறப்படுகிறது.

‘லிஹாஃப்’: சொல்லில்லா இடத்தில் குற்றம் தேடல்

சுக்தாயின் ‘லிஹாஃப்’ (போர்வை) ‘அதப்-இ-லத்தீஃப்’ இதழில் 1942-இல் வெளிவந்தது. நவாப் ஒருவரால் மணந்து புறக்கணிக்கப்பட்ட பேகம் ஜானுக்கும் அவருடைய பணிப்பெண் ரப்போவுக்கும் உள்ள உறவு ஒரு சிறுமியின் பார்வையில் கூறப்படுகிறது. சிறுமிக்குத் தெரிவது இரவில் சுவரில் யானைபோல் அசையும் போர்வையின் நிழல் மட்டுமே. அவள் கண்டதைக் கூறுகிறாள். கண்டதன் பொருளைக் கூறும் அறிவு அவளிடம் இல்லை. பொருளை நிரப்பும் பொறுப்பு வாசகரிடமே விடப்படுகிறது. கூற்றுக்குப் புறத்தே பொருள் நிற்கும் இவ்வுத்தி, இறைச்சியைப் பயின்ற தமிழ் வாசகருக்கு அயலானதன்று. அம்பலின் நிலையும் இதுவே.

ஆபாசக் குற்றச்சாட்டின்பேரில் 1944-இல் சுக்தாய்க்கு லாகூர் நீதிமன்றத்திலிருந்து அழைப்பாணை வந்தது. மண்ட்டோவும் அதே காலத்தில் தம் கதைக்காக அந்நீதிமன்றத்தில் நின்றார். வழக்கின் போக்கைச் சுக்தாய் பிற்காலத்தில் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியுள்ளார். ஆபாசமான சொல் எது என எதிர்த்தரப்புச் சாட்சிகளிடம் வினவப்பட்டபோது அவர்களால் காட்ட இயலவில்லை. காதலரைச் சேர்த்துக்கொள்ளுதல் பற்றிய ஒரு தொடரையே ஒருவர் சுட்டினார். காதலர் என்னும் சொல்லில் என்ன ஆபாசம் எனக் கேட்கப்பட்டபோது, நற்குடிப் பெண்கள் அதுபற்றி எழுதுதல் தகாது என விடை வந்தது. வழக்கு தள்ளுபடியாயிற்று.

இவ்விடை திறனாய்வு நோக்கில் மிக இன்றியமையாதது. குற்றம் சொல்லில் இல்லை. கதையின் பொருளில் உள்ளது என்று நிறுவவும் முடியவில்லை. ஆகவே அது எழுதியவரின் பாலுக்கு மாற்றப்பட்டது. நவாபுக்கு இளைஞர்பால் உள்ள ஈடுபாட்டைக் கதை வெளிப்படையாகவே குறிப்பிடுகிறது. ஆயினும் வழக்கு அதைச் சுற்றி எழவில்லை. ஆடவரின் ஒழுகலாறு நகைப்புக்குரிய செய்தியாகக் கடந்துசெல்லப்பட, பெண்ணின் வேட்கையைப் பெண்ணே எழுதியது வழக்காயிற்று. கதையில் குறை இல்லாமலில்லை. பேகம் ஜான் சிறுமியைத் தொடும் பகுதி அச்சுறுத்தலாகவே அமைந்து, வயதுவந்தோர் உறவையும் அச்சுறுத்தலையும் கலந்துவிடுகிறது. கணவனின் புறக்கணிப்பே இவ்வுறவுக்குக் காரணம் என்னும் விளக்கமும் கதையில் உண்டு. இவை திறனாய்வாளர் பேசியிருக்கவேண்டியவை. வழக்கு எழுந்தமையால் கதையைக் காப்பதா பழிப்பதா என்ற வினாவே எஞ்சியது. கதையைப் படிக்கும் வாய்ப்பு அருகிற்று. இக்கதையின் புகழ் தம் பிற எழுத்துகளை மறைத்துவிட்டதெனச் சுக்தாயே வருந்தியதும் இதனோடு ஒட்டி எண்ணத்தக்கது.

‘ஃபயர்’: பெயரும் அரசியலும்

‘ஃபயர்’ திரைப்படம் தணிக்கைக் குழுவால் வெட்டின்றி ஏற்கப்பட்டு 1998 நவம்பரில் இந்தியாவில் திரையிடப்பட்டது. சீதை என்னும் பெயர் இந்தி வடிவில் நீதா என மாற்றப்பட்டிருந்தது. டெல்லி நடுத்தரக் குடும்பம் ஒன்றில் சகோதரர் இருவரை மணந்த ராதா, சீதா ஆகிய இரு பெண்கள் ஒருவரையொருவர் விரும்புவதே கதை. 1998 டிசம்பர் 2-இல் மும்பையிலும் மறுநாள் டெல்லி ரீகல் திரையரங்கிலும் சிவசேனைக் கட்சியினர் தாக்குதல் நடத்தினர். மகாராட்டிர முதலமைச்சர் மனோகர் ஜோஷி எதிர்ப்பாளர்களை வெளிப்படையாக ஆதரித்தார். படம் மீண்டும் தணிக்கைக்கு அனுப்பப்பட்டு, 1999 பிப்ரவரியில் வெட்டின்றியே மறுபடியும் வெளிவந்தது.

பாத்திரங்களுக்கு முஸ்லிம் பெயர்கள் இடப்பட்டால் எதிர்ப்பு இராது என்னும் கருத்து பால் தாக்கரேயிடமிருந்து எழுந்தது. இக்கோரிக்கை எதிர்ப்பின் உட்பொருளைத் தெளிவாக்குகிறது. இரு பெண்களின் காதல் தன்னளவில் பொறுக்கமுடியாததாக இருந்திருப்பின் பெயர் மாற்றம் அதைப் போக்காது. அக்காதல் ‘நம்’ வீட்டில் நிகழ்வதாகக் காட்டப்படலாகாது, ‘பிறர்’ வீட்டில் நிகழ்வதாகக் காட்டப்படலாம் என்பதே கோரிக்கையின் பொருள். பெண்ணின் உடல் சமூகத்தின் எல்லைக்கோடாக ஆக்கப்பட்டது. அகமரபு இயற்பெயரை விலக்கியது காதலைப் பொதுமையாக்க. இங்குப் பெயரை மாற்றக் கோரியது காதலை அயலாக்க. இரண்டுக்குமுள்ள தொலைவு பெரிது.

தாக்குதலைப் போலவே ஆதரவும் ஆராயத்தக்கது. படம் தன்பால் காதல் பற்றியதன்று, பெண்ணின் தனிமையும் விடுதலையும் பற்றியது என்று வாதிட்டோர் பலர். கருத்துரிமையைக் காக்கும் நல்லெண்ணம் அவ்வாதத்தில் இருந்தது. எனினும் படத்தின் மையத்திலுள்ள உறவை மறைத்தே அவர்கள் படத்தைக் காத்தனர். தங்கள் உறவைக் குறிக்கத் தம் மொழியில் சொல்லில்லை எனப் படத்தில் ஒரு பாத்திரம் கூறுகிறது. சொல்லின்மையைப் பற்றிப் பேசிய படத்தை ஆதரித்தோரும் சொல்லைத் தவிர்த்தமை நகைமுரணாகும்.

அம்மௌனம் தெருவில் உடைந்தது. 1998 டிசம்பர் 7-இல் ரீகல் திரையரங்கின் முன் நடந்த மெழுகுவத்திப் போராட்டத்தில், தாம் இந்தியரும் தன்பாலீர்ப்புடைய பெண்ணும் ஆவோம் என அறிவிக்கும் பதாகை ஏந்தப்பட்டது. பண்பாட்டுக்கு அயலானது என்ற குற்றச்சாட்டுக்கு இரண்டே சொற்களில் அமைந்த மறுமொழி அது. அதன் தொடர்ச்சியாகத் தன்பாலீர்ப்புப் பெண்களின் உரிமைக்கான கூட்டியக்கம் ஒன்று டெல்லியில் உருவாயிற்று. 1999 சூலை 2-இல் கொல்கத்தாவில் ஏறத்தாழ பதினைவர் நடந்த நட்பு நடை, இந்தியாவின் முதல் பெருமித ஊர்வலமாகக் கருதப்படுகிறது. மறைக்க முயன்ற எதிர்ப்பே வெளிப்பாட்டுக்கு இடம் சமைத்தது. அலர் களவை வெளிப்படுத்தும் என்னும் களவியல் நெறி இங்கு ஒருவகையில் மெய்ப்படுகிறது.

ஒப்புமையின் எல்லை

ஆயினும் இவ்வொப்புமையை மிகையாக நீட்டுதல் கூடாது. அகப்பாடலின் அலர் அயற்பெண்டிரின் பேச்சு; அதற்குப் படையில்லை, அரசில்லை. 1998-இன் எதிர்ப்பு ஓர் அரசியல் கட்சியால் திட்டமிடப்பட்டு, ஆளும் பொறுப்பிலிருந்தோரின் ஆதரவையும் பெற்றது. அப்போது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவும் நடைமுறையில் இருந்தது. எதிர்ப்பினால் நன்மை விளைந்தது எனக் கூறி அதன் வன்முறையைக் குறைத்து மதிப்பிடுவது, துன்பப்பட்டோரின் துணிவை எதிர்ப்போரின் கணக்கில் வரவு வைப்பதாகும். அலரைப் பயன்படுத்தி வரைவு கடாவுவது தோழியின் திறம். அலர் தூற்றுவோரின் அருளன்று.

மற்றொரு வேறுபாடும் உண்டு. அகமரபில் அலருக்குப்பின் வரைவு உண்டு. களவு கற்பாக நிறைவெய்தும். 377-ஆம் பிரிவை வயதுவந்தோரின் இசைவுள்ள உறவுக்குப் பொருந்தாததாக டெல்லி உயர்நீதிமன்றம் 2009-இல் அறிவித்தது. உச்சநீதிமன்றம் 2013-இல் அத்தீர்ப்பை நீக்கி, 2018 செப்டம்பர் 6-இல் மீண்டும் அவ்வுறவைக் குற்றமன்று என ஆக்கியது. 2023 அக்டோபர் 17-இல் தன்பால் இணையரின் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு வழங்க அந்நீதிமன்றம் மறுத்தது. அலர் எழுந்துவிட்டது; வரைவுக்கு வழி திறக்கவில்லை. அகப்பொருள் இலக்கணம் எண்ணிப்பாராத நிலை இது.

சொல்லின்மை பற்றிய முறையீட்டுக்குத் தமிழில் ஒரு விடை கிடைத்துள்ளமை குறிப்பிடத்தக்கது. சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதியரசர் என். ஆனந்த் வெங்கடேஷ் 2021 முதல் பிறப்பித்த ஆணைகளின் தொடர்ச்சியாகத் தமிழக அரசு 2022-இல் இத்துறைக்கான சொற்றொகுதியை வெளியிட்டது. இதழ்களில் நெடுங்காலம் வழங்கிய ‘ஓரினச்சேர்க்கை’ என்னும் சொல் உடற்செயலை மட்டும் குறித்தது. ‘தன்பாலீர்ப்பு’ என்பதோ உள்ளத்தின் நாட்டத்தைக் குறிக்கிறது. செயலைக் குறிக்கும் சொல் இருந்த இடத்தில் உணர்வைக் குறிக்கும் சொல் வருவது, புறத்திலிருந்து அகத்துக்கு நோக்கு மாறுவதன் அடையாளமாகும்.

முடிவுரை

கண்டித்து எழுதிய உக்ர, குறிப்பால் எழுதிய சுக்தாய், வெளிப்படக் காட்டிய மேத்தா ஆகிய மூவரும் எதிர்க்கப்பட்டனர். எழுதும் முறை எதுவாயினும் எதிர்ப்பு எழுந்தமையால், முறையில் அடக்கம் காட்டினால் எதிர்ப்பு இராது என்னும் அறிவுரை வலுவிழக்கிறது. ஆபாசம் என்றும் பண்பாட்டுக் கேடு என்றும் வழங்கப்பட்ட குற்றச்சாட்டுகள், ஆராயுமிடத்து, யார் பேசலாம், யாருடைய வீட்டைப் பற்றிப் பேசலாம் என்னும் அதிகார வினாக்களாகவே முடிகின்றன.

இம்மூன்று படைப்புகளும் குறைகளற்றவை அல்ல. அவற்றின் குறைகளைச் சுட்டும் உரிமை திறனாய்வுக்கு உரியது. அவ்வுரிமையை வன்முறையும் வழக்கும் பறித்துக்கொண்டமையே ஏற்பு வரலாற்றின் பெரிய இழப்பாகும். அம்பலுக்கும் அலருக்கும் இடையே நுண்ணிய வேறுபாடு கண்ட மரபுக்கு உரியோர், சொல்லாமையின் அழகையும் சொல்லவிடாமையின் கொடுமையையும் வேறுபடுத்திக் காணுதல் கடமையாகிறது. அவ்வேறுபாட்டைக் காணாத திறனாய்வு, தன்னையறியாமலே அலர் தூற்றும் வாயாகிவிடும்.