பல்கலைக்கழக அரங்கும் மாணவர் ஆளுமையும்: பேராதனைக் கூத்து மரபினை முன்வைத்து மலையக மாணவர் பற்றிய ஒரு நோக்கு

பல்கலைக்கழகங்களில் இயங்கும் நாடக, இசை, நடனக் குழுக்கள் மாணவரின் ஆளுமை விருத்திக்குத் துணைபுரிகின்றன என்பது இன்று எல்லோரும் ஒப்புக்கொள்ளும் கருத்தாகும். கூச்சம் அகலும், நாவன்மை பெருகும், தலைமைத்துவம் வளரும், தொழில் வாய்ப்புக்கான நேர்முகத் தேர்விலும் அது கைகொடுக்கும் என நிருவாகத்தினர் கூறுவர். இவற்றில் உண்மை இல்லாமலில்லை. ஆயின், இக்கூற்று ஆளுமையைத் தனிமனிதன் சேர்த்து வைக்கும் சொத்தாகவே கருதுகின்றது. எத்தகைய ஆளுமை, யாருடன் கொண்ட உறவினால், யாருடைய நலன்கருதி உருவாகின்றது என்னும் வினாவை அது எழுப்புவதில்லை. அவ்வினாவை எழுப்பி, நமது அரங்க வரலாற்றின் துணைகொண்டு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மனித இயல்பு என்பது தனியாளுக்குள் உறையும் பொருளன்று, சமூக உறவுகளின் தொகுதியே அது என்று 1845இல் மார்க்ஸ் குறித்துவைத்தார். இக்கருத்தினை அரங்கியலுக்குக் கொண்டுவந்தவர் பிறெக்ற். 1920களின் இறுதியிலும் 1930களின் தொடக்கத்திலும் அவர் ஆக்கிய கற்றல் நாடகங்கள், பார்ப்போரினும் ஆடுவோரே முதலில் கற்கவேண்டும் என்ற அடிப்படையில் அமைந்தவை. ஒருவன் தனக்கு அந்நியமான ஒரு நிலையைத் தன் உடலால் ஏற்று, மற்றவரோடு இணைந்து அதை ஆராயும்போது அவன் உலகத்தோடு கொண்டிருந்த உறவு மாறுகின்றது. ஆளுமை வளர்ச்சி என்பது இந்த மாற்றத்தையே குறிக்குமெனில், ஈழத்துப் பல்கலைக்கழகத் தமிழரங்கு அதற்குத் தகுந்த சான்றுகளைத் தருகின்றது.

முதற் சான்று பேராசிரியர் க. கணபதிப்பிள்ளையின் நாடகங்களாகும். 1940இல் வெளிவந்த ‘நானாடகம்’, 1952இல் வெளிவந்த ‘இரு நாடகம்’ ஆகிய நூல்களிலுள்ள நாடகங்கள் யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழில் எழுதப்பெற்று மாணவரால் மேடையேற்றப்பட்டவை. செந்தமிழே மேடைக்குரியது என்ற எண்ணம் ஓங்கியிருந்த காலத்தில், தம் வீட்டு மொழியை மேடையிலே பேசிய மாணவர் தம்மைச் சூழ்ந்த சமூகத்தை உற்றுநோக்கும் பயிற்சியையும் பெற்றனர். பிற்காலத்தில் தமிழ்நாடக வரலாற்றினை மார்க்சிய நோக்கில் ஆராய்ந்த கா. சிவத்தம்பி மாணவப் பருவத்தில் அந்நாடகங்களில் நடித்தவர் என்பது இவ்விடத்து மனங்கொள்ளத்தக்கது.

இரண்டாவது சான்று கூத்தின் மீட்டெடுப்பாகும். 1956இல் எதிரிவீர சரச்சந்திரவின் ‘மனமே’ பல்கலைக்கழக நாடகக் குழுவினரால் மேடையேறியது. சிங்கள மக்களின் நாடகம் என்னும் மரபுவழி ஆடலிலிருந்து அது வடிவம் பெற்றது. அம்மரபோ தமிழ்க் கூத்தோடு நெருங்கிய தொடர்புடையது. தனிச்சிங்களச் சட்டம் நிறைவேறிய அதே ஆண்டில், சிங்கள நவீன அரங்கு தன் வேரைத் தேடிச் சென்று தமிழ்க் கூத்தின் வாசலைத் தொட்டமை வரலாற்றின் முரண்களுள் ஒன்று. இதன் தூண்டுதலும் சேர, பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தினைப் பேராதனைக்குக் கொணர்ந்தார். 1962இல் வடமோடிக் கூத்தான ‘கர்ணன் போர்’, 1963இல் தென்மோடிக் கூத்தான ‘நொண்டி நாடகம்’, 1960களின் நடுப்பகுதியில் ‘இராவணேசன்’, பின்னர் ‘வாலிவதை’ என இம்முயற்சி தொடர்ந்தது.

இம்முயற்சியின் கலைப் பெறுமானம் பற்றிப் பலரும் எழுதியுள்ளனர். ஆனால் ஒத்திகைக் களத்தில் நிகழ்ந்த உறவு மாற்றம் போதிய கவனம் பெறவில்லை. ‘கர்ணன் போர்’ ஆட்டத்தைப் பழக்கியவர் வந்தாறுமூலையைச் சேர்ந்த செல்லையா அண்ணாவியார். பட்டம் எதுவும் பெறாத கிராமத்துக் கலைஞர் ஒருவர் ஆசானாக நிற்க, பல்கலைக்கழக மாணவர் மாணாக்கராக நின்று தாளக்கட்டுக்குக் காலெடுத்து வைத்தனர். விரிவுரை மண்டபத்தில் அறிவு மேலிருந்து கீழிறங்கும். இங்கே அது வயலிலிருந்து மண்டபத்துக்கு ஏறிற்று. மேலும், கூத்தில் ஒருவன் பாடும் அடியைப் பிற்பாட்டுக்காரர் ஏற்றுப் பாடினாலன்றி ஆட்டம் நிறைவுறாது. தனித்து ஒளிர விரும்பும் மாணவனை மற்றவர் குரலைச் செவிமடுக்குமாறு அவ்வடிவமே பணிக்கின்றது. மரபுக் களரியில் பெண் பாகங்களையும் ஆடவரே ஆடினர். பல்கலைக்கழக மேடையில் மாணவியரும் ஆடுவதற்கான வழி பிறந்தமை பிறிதொரு மாற்றமாகும்.

இத்தகைய பயிற்சியின் விளைவைச் சி. மௌனகுருவின் வரலாற்றிற் காணலாம். மாணவராக இராவணன் பாத்திரத்தை ஆடிய அவர், கூத்துக் கலைஞரின் அறிவை ஆய்வறிவாக மாற்றி, மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள் பற்றிய ஆய்வினை நிகழ்த்தினார். அதனினும் முக்கியமானது 1969இல் அவர் உருவாக்கிய ‘சங்காரம்’. அரசரையும் அரக்கரையும் ஆடிய கூத்து வடிவம் அதில் சமூக ஒடுக்குமுறைகளை எதிர்த்துப் போரிட எழுந்தது. 1985இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர், குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதி க. சிதம்பரநாதன் நெறிப்படுத்திய ‘மண்சுமந்த மேனியர்’ நாடகத்தின் மூலம் தம் காலத்துத் துயரை மக்கள் முன் ஆடினர். இவ்விரு நிகழ்விலும் மாணவரின் ஆளுமை மக்களின் பிரச்சினைகளை நோக்கித் திரும்பியமை கண்கூடு.

எனினும் பேராதனை முயற்சியின் எல்லைகளையும் கூறுதல் வேண்டும். விடிய விடிய வட்டக்களரியில், ஊரார் சூழ்ந்திருக்க ஆடப்பட்ட கூத்து, குறுகிய நேரத்துக்குச் சுருக்கப்பட்டுப் படச்சட்ட மேடையில் ஏறியது. நகர்ப்புறப் பார்வையாளர் கூத்தை மதிக்கத் தொடங்கினர் என்பது ஆதாயம். அண்ணாவியார் ஊர் திரும்பினார். வடிவத்தைச் செம்மைப்படுத்தும் உரிமையோ படித்தோர் கையில் நின்றுவிட்டது. 2000களின் தொடக்கத்தில் மட்டக்களப்புச் சீலாமுனையில் சி. ஜெயசங்கரும் அவ்வூர்க் கலைஞரும் மேற்கொண்ட கூத்து மீளுருவாக்கம் இக்குறையை உணர்ந்து, கூத்தை அதன் சமூகக் களத்திலேயே, அச்சமூகத்தாரின் விவாதத்தோடு மாற்றியமைக்க முயன்றது. மாணவர் மக்களிடம் கற்றுக்கொண்டு வந்துவிடுவது போதாது. கற்றதை மக்களோடு சேர்ந்து சோதிக்கும் பயணமும் வேண்டும் என்பதே இதன் படிப்பினை.

இந்நிலையில் மலையக மாணவரை நோக்குவோம். கினிகத்தேனையிலிருந்து நாவலப்பிட்டி, கம்பளை வழியாகப் பேராதனைக்குச் செல்லும் பாதை நீண்டதன்று. ஆயினும் தோட்ட லயமொன்றிலிருந்து பல்கலைக்கழகத்துக்குச் செல்லும் சமூகப் பாதை மிக நீண்டது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரை நாடற்றவராக்கியது. நாடெங்கும் 1945இல் தொடங்கிய இலவசக் கல்வி தோட்டப் பாடசாலைகளை நெடுங்காலம் எட்டவில்லை; 1970களிலேயே அவை அரசின் பொறுப்பில் வந்தன. எஞ்சியிருந்த நாடற்றோர் பிரச்சினை 2003ஆம் ஆண்டுச் சட்டம்வரை இழுபட்டது. இவ்வரலாற்றைச் சுமந்து வரும் மாணவர், தம் பேச்சுமொழியையும் பெற்றோரின் தொழிலையும் மறைத்துக்கொள்ளத் தூண்டப்படுவது வியப்பன்று.

ஆனால் அவர் வெறுங்கையோடு வருவதில்லை. மாசி மாதத்தில் கம்பம் ஊன்றித் தொடங்கும் காமன் கூத்தும், ‘அர்ச்சுனன் தபசு’, ‘பொன்னர் சங்கர்’ ஆகிய ஆடல்களும் மலையகத் தோட்டங்களின் வாழும் கலைகள். தப்பு முழங்க ரதியும் மன்மதனும் லயந்தோறும் ஆடிவரும்போது தோட்டமே அரங்காகின்றது. நாள் முழுதும் துரையினதும் கங்காணியினதும் கணக்குக்குள் அடங்கிக் கிடந்த உடல்கள், அவ்விரவுகளில் தமக்குரிய தாளத்துக்கு அசைகின்றன. காமன் எரிந்தபின் ரதி புலம்பும் புலம்பலில், கடல்கடந்து வந்து கொழுந்து மலைகளில் உறவுகளைப் புதைத்த மக்களின் துயரமும் ஒலிக்கிறது எனக் கொள்ளுதல் மிகையாகாது.

பல்கலைக்கழகக் கலைக்குழு இம்மாணவரை எவ்வாறு வரவேற்கின்றது என்பதே இங்கு உரைகல்லாகும். வடமோடியையோ பரதத்தையோ செம்மையான கலையெனவும், காமன் கூத்தைக் கலைவிழாவுக்கு வண்ணம் சேர்க்கும் துண்டு நிகழ்ச்சியெனவும் குழு கருதுமாயின், அம்மாணவர் பெறும் தன்னம்பிக்கை தன் மக்களிடமிருந்து தப்பித்துச் செல்லும் திறமையாகவே முடியும். மாறாக, காமன் கூத்தைப் பழக்குவதற்குத் தோட்டத்து மூத்த கலைஞர் ஒருவர் ஆசானாக அழைக்கப்படுவாராயின், தன் தந்தையின் கையிலிருந்தது அறிவு என்பதை மாணவர் காண்பார். கல்வியில் உயர்வதற்குப் பிறப்பிடத்தை மறக்கவேண்டியதில்லை என்ற உணர்வே அவரது ஆளுமையின் அடித்தளமாகும். யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வந்த சக மாணவரும், கினிகத்தேனையில் தோட்டத்தின் அயலிலேயே வாழும் சிங்களக் கிராமத்து மாணவரும் அக்கலைஞரிடம் கற்கும்போது அவர்களின் ஆளுமையும் விரிவடையும்.

இதனால் மரபினைப் போற்றிப் பூசிக்க வேண்டுமென்பதில்லை. தப்பு அடிப்போரைத் தாழ்த்தும் சாதி வழக்கும், பெண் பாகத்தை ஆணே ஆடும் வழக்கும் விமரிசனத்துக்குரியன. ‘சங்காரம்’ காட்டிய வழியில் பழைய வடிவத்துக்குள் புதிய போராட்டத்தைக் கொணர்தல் இயலும். கொழுந்து நிறையும் நாட்சம்பளமும் லயக்காம்பராவும் காமன் பொட்டலில் ஆடப்படத் தகாதவை அல்ல.

கலைக்குழுவில் சேர்வதற்கு ஓய்வு தேவை என்பதையும் மறத்தலாகாது. மகாபொல உதவிப்பணத்தை வீட்டுக்கும் பகிர்ந்து அனுப்பும் மாணவருக்கும், பகுதிநேர வேலை செய்பவருக்கும் மாலை ஒத்திகை எளிதானதன்று. குழுக்களின் உறுப்பினர் பட்டியலில் எவ்வர்க்கத்தினர் இடம்பெறுகின்றனர் என்று பார்ப்பது திறனாய்வின் கடமையாகும். ஒத்திகை நேரம், போக்குவரத்துச் செலவு, விடுதி வசதி ஆகிய சாதாரண ஏற்பாடுகளைச் செய்யாமல் ஆளுமை விருத்தி பற்றிப் பேசுவது, வசதியுள்ளோரின் ஆளுமையை மட்டும் வளர்ப்பதாகவே முடியும்.

எனவே ஒரு கலைக்குழுவின் வெற்றியை மேடையேற்றங்களின் தொகையாலோ பெற்ற பரிசில்களாலோ அளத்தல் பொருந்தாது. பட்டம் பெற்றபின் அதன் உறுப்பினர் எங்கே நிற்கின்றனர், யாருடைய குரலுக்குப் பிற்பாட்டுப் பாடுகின்றனர் என்பதே அளவுகோலாகும். தமிழ்ச் சங்கங்கள் தம் அடுத்த ஆண்டு நிகழ்ச்சித் திட்டத்தை வகுக்கும்போது, மாசி மாதத்தில் மாணவரைத் தோட்டங்களுக்கு அனுப்பி, கம்பம் ஊன்றும் நாள் முதல் காமன் எரியும் இரவுவரை அங்குள்ள கலைஞரோடு தங்கிக் கற்கச் செய்தல் நல்ல தொடக்கமாக அமையும்.