ஓசூரின் மயங்கொலி ஆங்கிலம்

மயங்கொலிச் சொற்கள் என்று தமிழ்ப் பாடநூலில் ஒரு பகுதி வரும். மரம், மறம், மனம், மணம், அலை, அளை, அழை. ஒலியில் நெருங்கிப் பொருளில் விலகி நிற்கும் சொற்கள் அவை. ஆங்கிலத்திலும் இப்படிப்பட்டவை ஏராளம். ஆனால் உச்சரிப்பு திருத்தமாக இருந்தால் தமிழ்ச் சொற்களில் பெரும்பாலானவற்றைக் காதாலேயே பிரித்துவிடலாம். ஆங்கிலத்தில் பல ஜோடிகளை இங்கிலாந்துக்காரராலும் அப்படிப் பிரிக்க முடியாது. எழுத்துக்கூட்டு ஒன்றுதான் அடையாளம். காதை நம்பி எழுதினால் பிழை வரத்தான் செய்யும். அந்தப் பிழையைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டுச் சிரிப்பது எல்லோருக்கும் தெரிந்த வேலை. ரசிப்பது வேறு. எழுதியவரின் காதில் அந்தச் சொல் எந்த மொழி வழியாக விழுந்தது, எந்தத் தொழிலிலிருந்து வந்தது, ஆங்கிலத்துக்குள்ளேயே அது எத்தனை காலம் குழம்பிக் கிடந்தது என்பதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால்தான் பலகை பேச ஆரம்பிக்கும்.

இதற்கு ஓசூர் நல்ல விளைநிலம். பெங்களூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் புழங்கும் எல்லையூர். 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. 1980இல் டி.வி.எஸ் 50 மொபெட் வெளிவந்தது. அசோக் லேலண்ட் ஆலையும் அதே ஆண்டில் வந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் டைட்டன் கைக்கடிகாரமும் வந்துவிட்டது. பெரிய ஆலைகளைச் சுற்றி ஜாப் ஒர்க் பட்டறைகள் முளைத்தன. பட்டறைக்குள் நுழைந்த ஆங்கிலம் பள்ளிக்கூடம் வழியாக வந்ததல்ல. ஃபோர்மேன் வாயிலிருந்து ஹெல்ப்பர் காதுக்கு, அங்கிருந்து போர்டு எழுதும் பெயிண்டரின் பிரஷ்ஷுக்கு வந்தது. ஒரு சொல்லை எழுத்தில் பார்க்காமலேயே பத்து வருஷம் சரியாகப் பயன்படுத்த முடியும். சொந்தமாகப் பட்டறை போட்டுப் பெயர்ப்பலகை வைக்கும் நாளில்தான் எழுத்து தேவைப்படுகிறது.

ஓசூரில் முதலில் தேட வேண்டிய சொல் ‘டை’. தமிழில் இப்படி எழுதினால் பள்ளிப் பிள்ளையின் கழுத்துப்பட்டை, நரைக்குப் பூசும் சாயம், தகட்டை வெட்டி வளைக்கும் அச்சு, மரணம் ஆகிய நான்கும் அதற்குள் அடங்கும். கழுத்துப்பட்டையின் முதலெழுத்து மட்டும் வேறு. அதையும் தமிழில் ‘டி’ என்றே சொல்ல வேண்டியிருப்பதால், போனில் எழுத்துக்கூட்டுபவர்கள் டைகர் டி, டெல்லி டி என்று துணைக்கு ஆள் சேர்க்கிறார்கள். மற்ற மூன்றும் ஆங்கிலத்திலும் ஒரே ஒலி. அச்சுக்கும் மரணத்துக்கும் நடுவில் ஐ வரும், சாயத்துக்கு ஒய். டை காஸ்டிங் பட்டறையின் பலகையில் ஒய் ஏறிவிட்டால், அலுமினியத்தை அச்சில் வார்க்கும் தொழில் சாயம் வார்க்கும் தொழிலாகிவிடுகிறது. பெயிண்டரை மட்டும் குறை சொல்ல வேண்டாம். 1755இல் அகராதி போட்ட சாமுவேல் ஜான்சன் சாவையும் சாயத்தையும் ஐ போட்டே எழுதினார். அவருக்குச் சற்று முந்திய கட்டுரையாளர் ஜோசப் அடிசன் இரண்டையும் ஒய் போட்டு எழுதினார். இன்று பிழை என்று சிரிக்கப்படுவது அன்று அவரவர் விருப்பம்.

தொழிலுக்குரிய அச்சு என்ற சொல்லும் தாயக்கட்டை என்ற சொல்லும் ஆங்கிலத்தில் ஒன்றே. பன்மையில்தான் பிரியும்: அச்சுக்கு வெறும் எஸ் போதும், தாயக்கட்டைக்கு சி, இ. சாயத்துக்கு இன்னொரு காவல் உண்டு. சாயமிடுதல் என்று வரும்போது ஒய்யை அடுத்த இ விழக்கூடாது. விழுந்தால் செத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். திருப்பூர்ப் பக்கத்தில் இந்த இ விழுந்த பலகைகள் பழைய நகைச்சுவை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அங்குள்ள சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது அந்தப் பலகைகளின் பொருள் ஏறக்குறைய சரியாகிவிட்டது.

அடுத்தது பூவும் மாவும். ஓசூரைச் சுற்றிலும், பாகலூர், பேரிகை, தளி வட்டாரங்களிலும் பசுமைக்குடில் ரோஜா பெரிய தொழில். அதே வட்டாரத்தில் ராகியும் மிளகாயும் அரைக்கும் மாவு மில்லுக்கு ஃப்ளவர் மில் என்று ஆங்கிலத்தில் பலகை இருந்தால், ரோஜாவை அரைக்கிறார்களோ என்று வெளியூர்க்காரர் திகைக்கலாம். இங்கே கவனிக்க வேண்டிய வேடிக்கை ஒன்று உண்டு. மாவுக்கான ஆங்கிலச் சொல்லைச் சரியாக எழுதத் தெரிந்தவர்களில் பலர் அதை ஃப்ளோர் என்று படித்துத் தரையாக்கிவிடுகிறார்கள். உண்மையில் ஆங்கிலத்தில் பூவுக்கும் மாவுக்கும் ஒரே உச்சரிப்பு. ஃப்ளவர் மில் என்று எழுதிய பெயிண்டர் ஒலியைத் துல்லியமாகப் பிடித்துவிட்டார், எழுத்தைத்தான் தவறவிட்டார். காலிஃப்ளவர் சில்லிக்குக் கார்ன்ஃப்ளவர் போடச் சொல்லும் தமிழ்ச் சமையல் குறிப்பும் அவர் கட்சிதான். வரலாறும் அந்தக் கட்சிக்கே சாதகம். தானியத்தை அரைத்துச் சலித்தால் கிடைக்கும் நேர்த்தியான பகுதி அதன் பூ என்ற எண்ணத்தில் பிறந்த சொல் அது. ஜான்சன் அகராதியில் மாவுக்குத் தனி எழுத்துக்கூட்டு கிடையாது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில்தான் இரண்டும் நிலையாகப் பிரிந்தன.

ரியல் எஸ்டேட் பலகைகளில் எல்லையின் வாடை அடிக்கும். மனை என்பதை மற்ற மாவட்டங்கள் பிளாட் என்கின்றன. பெங்களூர் வழக்கு சைட். ஓசூரில் இரண்டும் ஓடும், இரண்டிலும் குழி உண்டு. வெறும் நிலமும் அடுக்குமாடி வீடும் தமிழன் வாயில் ஒரே பிளாட்தான், ஏனென்றால் பகரத்துக்கும் எஃப் ஒலிக்கும் தமிழில் பழைய எழுத்து ஒன்றே. நிலத்தின் நடுவில் நிற்கும் ஓகாரமும் நம் வாயில் ஆகாரமாகிவிடுகிறது. சைட்டுக்கு எஸ்ஸை அடுத்து ஐ, டி, இ வர வேண்டும். ஜி, எச் நடுவில் புகுந்தால் அது பார்வை. ‘சைட் அடிப்பது’ என்ற கல்லூரித் தமிழ் அங்கிருந்து வந்தது. பார்வையை விற்பனைக்கு வைத்த பலகையை ரசிக்காமல் கடந்துபோக முடியாது.

ஒரே காரணம் பல பிழைகளை ஈன்றிருப்பதைக் கண்டுபிடிப்பது இந்த ரசனையின் உயர்நிலை. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றின் சொந்தச் சொற்களிலும் இசட் ஒலி வழக்கமானதல்ல. சொல்லின் தொடக்கத்தில் வரும்போது அதை ஜகரமாக்கிக்கொள்கிறோம்: ஜிப், ஜீரோ, ஜூ. இறுதியில் வந்தால் ஸகரமாகிவிடும். விலைக்கும் பரிசுக்கும் உள்ள ஒலி வேறுபாடு அந்த இசட் ஒலியில்தான் இருக்கிறது. அது நம் காதில் தட்டுப்படாததால் இரண்டும் பிரைஸ். விளையாட்டு விழாவில் முதல் ‘விலை’ வாங்குகிற பிள்ளைகள் இப்படி உருவாகிறார்கள். தொலைப்பதும் தளர்ந்திருப்பதும் லூஸ் ஆவது இதனால்தான். நட்டு லூஸாக இருந்தால் இரண்டு ஓ. தொலைத்துவிட்டால் ஒரு ஓவையும் தொலைத்துவிட வேண்டும். ஆலோசனையும் ஆலோசனை சொல்வதும் இதே குடும்பம்: பெயருக்கு சி, வினைக்கு எஸ். கணக்குப் பிரிவிலிருந்து வரும் பேமென்ட் அட்வைஸ் பெயர், ஆகவே சி.

இசட்டை இவ்வளவு தூரம் தள்ளி வைக்கும் ஊரின் நுழைவாயிலிலேயே இரண்டு இசட் நிற்கின்றன. கர்நாடகத்தின் அத்திப்பள்ளியைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் வந்ததும் வருவது ஜூஜூவாடி. யார் வாயிலும் ஜகரம்தான். ஆங்கிலத்தில் எழுதும்போது ஜே போட்டும் எழுதுகிறார்கள், இசட் போட்டும் எழுதுகிறார்கள். இசட்டைக் கேட்டால் ஜகரம் சொல்லும் பழக்கம், ஜகரத்தைக் கேட்டால் இசட் எழுதும் பழக்கமாகத் திரும்பி நிற்கிறது. எச் என்ற எழுத்துக்கும் இதே கதி. ஆங்கிலப் பெயரில் அது முதலில் நின்றாலும், தமிழில் ஓசூர்தான். கன்னடத்தில் புதிய ஊர் என்று பொருள்படும் பெயரின் ஹகரம் எல்லையில் உதிர்ந்து, குறில் நெடிலாகிவிட்டது. பழைய மைசூர்க் கிராமத்துக் கன்னடத்திலும் ஹகரம் உதிர்வது சகஜம். ஹார்டுவேர் கடைப் பலகையில் எச் இல்லாவிட்டால் தமிழரைத்தான் சந்தேகிக்க வேண்டும் என்பதில்லை.

இதுவரை சொன்னவை காதுப் பிழைகள். கண்ணால் வரும் பிழை வேறு வகை. அதற்கு கேஜ் ஒன்றே போதும். அளவு பார்க்கும் கருவி, தகட்டின் தடிமன் எண் இரண்டும் கேஜ்தான். எண் ஏற ஏறத் தகடு மெலியும்: பிரிட்டிஷ் கணக்கில் 16 கேஜ் சுமார் 1.6 மில்லிமீட்டர், 20 கேஜ் சுமார் 0.9. இதை உறக்கத்திலும் சொல்லக்கூடிய தரக்கட்டுப்பாட்டு ஊழியர்கூட எழுதும்போது ஏ, யூ என்ற வரிசையை யூ, ஏ என்று மாற்றிவிடுவார். ஜி வந்தால் அடுத்து யூ வரும் என்று கார்டு, கியாரண்டி போன்ற சொற்கள் கண்ணைப் பழக்கி வைத்திருக்கின்றன. உச்சரிப்பு இங்கே உதவாது. பிரெஞ்சு வழியாக வந்த சொல், எழுத்துக்கும் ஒலிக்கும் சம்பந்தம் குறைவு. ஏ முன்னால் என்று மனப்பாடம் செய்வதே வழி. பேரிங்கில் குண்டுகளை இடைவெளி விட்டுப் பிடித்திருக்கும் கூண்டுக்கும் தமிழில் கேஜ் என்றே எழுத வேண்டியிருக்கிறது. ஆங்கிலத்தில் அது சி. வாயால் சொல்லும்போது பிரியும், தமிழில் எழுதும்போது கலந்துவிடும்.

ஸ்டேஷனரிக் கடையும் கண் சோதனைதான். ஏ போட்டால் நகராமல் நிற்பது, இ போட்டால் பேனா, பேப்பர். வேர் ஒன்றே. இடைக்கால இங்கிலாந்தில் புத்தக வியாபாரிகள் தலைச்சுமையாகத் திரியாமல் ஓரிடத்தில் கடை போட்டதால் ஸ்டேஷனர் எனப்பட்டனர்; அந்த ‘னர்’ இ, ஆர் என்று முடிவதால் சரக்குக்கும் இ. கடை நகராமல்தான் நிற்கிறது என்பதால், ஏ போட்ட பலகையும் பொய் சொல்லவில்லை. பால்பண்ணையும் நாட்குறிப்பும் இடம் மாறுவது இன்னொரு வகை: டெய்ரிக்கு ஏ முதலில், டைரிக்கு ஐ முதலில். 1824இல் தொடங்கிய கால்நடைப் பண்ணை உள்ள ஊரில் இதையாவது சரியாக எழுதலாம். ஆலை அலுவலகத்தில் பெர்சனல் என்ற ஒரே உச்சரிப்பில் சொந்த விஷயமும் பணியாளர் பிரிவும் அடங்குகின்றன. பணியாளருக்கு இரண்டு என், அடுத்து இ. 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தில் வந்த பிரின்சிபல் எம்ப்ளாயரின் முதற்சொல் ஏ, எல் என்று முடிய வேண்டும். எல், இ என்று முடித்தால் முதன்மை முதலாளி கொள்கை முதலாளியாகிவிடுவார். 2019இல் ஓசூர் மாநகராட்சி ஆனதிலிருந்து கார்ப்பரேஷனும் கோஆப்பரேஷனும் குழம்ப இன்னொரு வாய்ப்பு.

பிரேக் ஷூ, பிரேக் ஆயில் விற்கும் கடைகளில் நிறுத்துவதும் முறிவதும் மாறி நிற்பதைச் சொல்லாமல் விட முடியாது. முறியும் சொல் பிரேக்ஃபாஸ்ட்டில் இருப்பது. வண்டியில் இருக்க வேண்டியது மற்றது. இங்கே பிழை சிரிப்பைத் தாண்டி லேசாகப் பயமுறுத்தவும் செய்யும்.

எல்லாவற்றையும் பிழை என்று பிடிப்பதும் ரசனைக் குறைவு. டயரை ஒய் போட்டு எழுதுவது பிரிட்டிஷ், ஐ போட்டு எழுதுவது அமெரிக்கா. வார்ப்பு அச்சுக்கு மோல்டு என்பதில் யூ இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். 1828இல் வெளிவந்த நோவா வெப்ஸ்டரின் அகராதி அமெரிக்க வழக்கை நிலைநிறுத்தியது. அலுமினியத்துக்குக் கூடுதலாக ஓர் ஐ போடுவது இந்தியா. அதைக் கண்டுபிடிக்க முயன்ற ஹம்ஃப்ரி டேவியே 1812இல் அந்த ஐ இல்லாமல்தான் எழுதினார். ஓசூரிலேயே தனிஷ்க் நகைக்கூடம் இருக்கிறது. நகைக்கான ஆங்கிலச் சொல்லும் கடலுக்கு இந்தப் பக்கம் நீளம், அந்தப் பக்கம் குட்டை. ஒரே பலகையில் இரண்டு வழக்கும் கலந்திருந்தால் மட்டும் முகம் சுளிக்கலாம். மீட்டர் மட்டும் விதிவிலக்கு: பிரிட்டிஷ் வழக்கில் நீள அளவு ஆர், இ என்றும், மின்சாரம் அளக்கும் பெட்டி இ, ஆர் என்றும் முடியும். இதைச் சரியாக எழுதிய பலகையைக் கண்டால் எழுதியவரை மனதுக்குள் பாராட்டலாம்.

ஊர்ப்பெயர்களில் அரசே தடுமாறியிருக்கிறது. 2020 ஜூனில் 1018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றித் தமிழக அரசு ஆணையிட்டது. வேலூருக்கு இரண்டு இ, இரண்டு ஓ கிடைத்தன. கேலியும் எதிர்ப்பும் எழ, சில நாட்களிலேயே ஆணை திரும்பப் பெறப்பட்டது. ஏகாரத்துக்கு இரண்டு இ போடுவது தமிழ்க் காதுக்கு நியாயமாகத் தோன்றலாம்; ஆங்கிலம் படித்த கண் அதை ஈகாரமாகத்தான் படிக்கும்.

கடைசியாக, இந்தப் பிழைகளைக் கம்ப்யூட்டர் பிடிக்குமா என்றால், பாதிதான். கேஜில் எழுத்து மாறினால் அடியில் சிவப்புக் கோடு விழும், ஏனென்றால் அப்படியொரு சொல்லே கிடையாது. டை, பிரேக், ஸ்டேஷனரி, ஃப்ளவர் போன்றவற்றில் பல நேரம் கோடு விழாது. தவறாக விழுந்த சொல்லும் நல்ல ஆங்கிலச் சொல்தான். பலகையில் அதனால் நஷ்டமில்லை, வாடிக்கையாளருக்குக் கடை தெரியும். கொட்டேஷன், டெலிவரி சலான், வெளிநாட்டு வாடிக்கையாளருக்குப் போகும் மெயில் ஆகியவற்றில்தான், அனுப்புவதற்கு முன் இந்த ஜோடிகளை மட்டும் தனியாகத் தேடி ஒருமுறை பார்த்துவிடுவது பட்டறைக்காரருக்கு நல்லது.