இரண்டு கெஜத்தில் போன கோப்பை

நான்காவது டவுன். இரண்டு கெஜம் பாக்கி. ஆட்டம் முடிய இரண்டு நிமிடமும் சில விநாடிகளும்தான் இருக்கின்றன. யூஎஸ்சி 38, டெக்சஸ் 33. பந்து யூஎஸ்சி கையில், டெக்சஸின் 45 கெஜக் கோட்டில். இந்த இரண்டு கெஜத்தை எடுத்துவிட்டால் கடிகாரத்தை ஓடவிட்டு, தொடர்ந்து மூன்றாவது ஆண்டாகப் பட்டத்தோடு வீட்டுக்குப் போகலாம்.

2006 ஜனவரி 4, கலிஃபோர்னியாவின் பசடீனா நகரில் உள்ள ரோஸ் பவுல் அரங்கம். கிட்டத்தட்ட 94 ஆயிரம் பேர் கூடியிருந்தார்கள். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் தேசிய இறுதிப் போட்டி; தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகமும் (யூஎஸ்சி) டெக்சஸ் பல்கலைக்கழகமும் மோதின. இந்த ஆட்டத்தை அதிகம் பார்க்காதவர்களுக்கு விதி இவ்வளவுதான்: பத்து கெஜம் முன்னேற நான்கு முயற்சி தருவார்கள், அதற்குப் பெயர் டவுன். நான்கிலும் முடியாவிட்டால் பந்து கிடக்கிற இடத்திலேயே எதிரணிக்குப் போய்விடும். அதனால் மூன்று முயற்சி பலிக்காவிட்டால் நான்காவதில் பந்தைத் தூர உதைத்து அனுப்பிவிடுவதுதான் வழக்கம்.

யூஎஸ்சி பயிற்சியாளர் பீட் கேரல் உதைக்கச் சொல்லவில்லை. பந்தை ஓட்டக்காரர் லெண்டேல் வைட்டிடம் கொடுத்து நடுவில் இடிக்கச் சொன்னார். டெக்சஸ் சேஃப்டி மைக்கேல் ஹஃப்பும் கூட்டாளிகளும் மோதி நிறுத்தினார்கள். இரண்டு கெஜம் கிடைக்கவில்லை. பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும்: பந்தை வீசுகிற டெக்சஸ் குவார்ட்டர்பேக் வின்ஸ் யங், 19 விநாடி மிச்சமிருக்கும்போது வலது மூலையில் கோட்டைத் தாண்டி டச்டவுன், 41-38.

அந்த ஆட்டம் முடிந்து இருபது ஆண்டுகள் ஆகின்றன. இன்னமும் எங்கே பேச்சு வந்தாலும் யங்கில் தொடங்கி யங்கிலேயே முடிகிறது. அவர் ஆடியதை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது, நானும் சொல்லப்போவதில்லை. ஆனால் மூன்றே புள்ளியில் முடிந்த ஆட்டத்தை ஒரே ஆள் ஜெயித்துக் கொடுத்தார் என்பதை நம்ப எனக்குத் தயக்கம். அன்று நீண்ட கெஜங்களை யூஎஸ்சி அள்ளியது. மொத்தம் 574 கெஜம். டெக்சஸ் எடுத்தது 556. ஒன்று, இரண்டு என்று எண்ணி எடுக்கவேண்டிய சின்னக் கெஜங்களில்தான் யூஎஸ்சி கோட்டை விட்டது. அந்த இடங்களில் நின்றவர்கள் யார் என்று பார்த்தால் யங் அல்லாத சில பெயர்களும் வரும்.

முதலில் யங்கையே எடுத்துக்கொள்வோம். 40 பாஸில் 30 பூர்த்தி, 267 கெஜம். 19 முறை ஓடி 200 கெஜம், மூன்று டச்டவுன். அணியின் 556 கெஜத்தில் 467 இவர் கையும் காலும் சேர்த்தவை. கவனித்தீர்களானால், பாஸில் ஒரு டச்டவுன்கூட இல்லை. எதிரணி பறித்த பாஸும், அதாவது இன்டர்செப்ஷனும், இல்லை. பந்தை வீசும்போது கை தோளுக்கு மேலே போகாமல் பக்கவாட்டில் சுழலும். பயிற்சி முகாம்களில் இப்படி வீசுகிற பையனைப் பார்த்தால் உடனே திருத்தப் போவார்கள். டெக்சஸ் பயிற்சியாளர் மேக் பிரவுன் அந்த வீச்சோடு மல்லுக்கட்டாமல் விட்டார். புத்திசாலித்தனம்.

அவரை நிறுத்த முடியாமல் போனதற்குக் காரணம் வேகம் மட்டும் இல்லை. டெக்சஸ் அதிகம் ஆடிய உத்தி ஸோன் ரீட். எதிரணியின் கோடியில் நிற்கும் டிஃபென்சிவ் எண்டை வேண்டுமென்றே யாரும் தடுக்காமல் விட்டுவிடுவார்கள். யங் பந்தை ஓட்டக்காரரின் வயிற்றருகே நீட்டியபடி அந்த ஒருவரை மட்டும் பார்ப்பார். அவர் ஓட்டக்காரரைத் துரத்தி உள்ளே வந்தால் யங் பந்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு அவர் விட்டுவந்த பக்கமாகப் போய்விடுவார். அவர் நின்ற இடத்திலேயே நின்றால் பந்து ஓட்டக்காரருக்கு. கபடியில் பாடி வருகிறவர் எந்தப் பக்கம் சாய்வார் என்று புரியாமல் கார்னரில் நிற்பவர் அரையடி தவறாக எடுத்து வைப்பாரே, யங்குக்கு அந்த அரையடி போதும். ஆறடி ஐந்து அங்குல ஆள். மூன்று எட்டில் பத்து கெஜம் தாண்டியிருப்பார்.

ஓர் ஆண்டு முன்பு, 2005 ஜனவரி 1 அன்று, இதே அரங்கில் மிச்சிகனுக்கு எதிராக 192 கெஜம் ஓடி நான்கு டச்டவுன் போட்டவர் இவர். அந்த ஆட்டமும் 38-37 என்று மயிரிழையில்தான் முடிந்தது. ஆகவே யூஎஸ்சிக்கு முன்னறிவிப்பு இல்லை என்று சொல்ல வழியில்லை.

இனி, பெரிய எழுத்தில் வராத பெயர். டேவிட் தாமஸ், டைட் எண்ட். பாதி நேரம் முன்வரிசையில் நின்று ஆளைத் தடுப்பது, மீதி நேரம் ஓடிப்போய்ப் பாஸ் பிடிப்பது, இதுதான் டைட் எண்டின் வேலை. அன்று பத்துப் பந்து பிடித்தார், 88 கெஜம். ஒன்றுகூட மறுநாள் டிவியில் திரும்பத் திரும்பப் போடும் ரகம் இல்லை. எட்டு கெஜம், ஒன்பது கெஜம், பிடித்த இடத்திலேயே கீழே விழுந்து எழுந்திருப்பார். ஆனால் முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் யூஎஸ்சியின் லைன்பேக்கர்கள் யங்கின் கால் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கண்ணை அவர் மேலேயே வைத்திருந்தார்கள். அவர்களின் முதுகுக்குப் பின்னால் ஒரு திண்ணை அகலத்துக்கு இடம் காலியாகக் கிடந்தது. தாமஸ் அங்கே போய் நிற்பார். யங் பதறாமல் அங்கே தள்ளுவார். 40-க்கு 30 என்ற கணக்கில் மூன்றில் ஒரு பங்கு தாமஸின் கையில் விழுந்தவை. தாக்குதல் பக்கம் இரண்டாவது பரிசு என்று ஒன்று இருந்திருந்தால் அவருக்குத்தான்.

அதிர்ஷ்டமும் இருந்தது, அதைச் சொல்லாமல் விடுவது நியாயம் இல்லை. இரண்டாம் கால்பகுதியில் வின்ஸ் யங் விழும்போது பந்தை அணியின் ஓட்டக்காரர் செல்வின் யங்கிடம் பின்புறமாகத் தள்ள, அவர் ஓடிப்போய் டச்டவுன் போட்டார். பந்து கையை விடுவதற்கு முன்பே வின்ஸ் யங்கின் முழங்கால் தரையைத் தொட்டிருந்தது மறுஒளிபரப்பில் தெளிவாகத் தெரிந்தது. நடுவர்கள் மறுஆய்வுக்குப் போகவில்லை. வந்த அதிர்ஷ்டத்தையும் டெக்சஸ் முழுசாக வாங்கிக்கொள்ளவில்லை. அதைத் தொடர்ந்து வந்த ஒரு புள்ளி உதையை டெக்சஸின் உதைப்பவர் டேவிட் பினோ கோட்டை விட்டார். நான்காம் கால்பகுதியில் எட்டுகிற தூரத்தில் ஒரு ஃபீல்ட் கோலும், அதாவது மூன்று புள்ளி உதையும், தவறியது. டெக்சஸ் தோற்றிருந்தால் இன்றைக்கும் ஆஸ்டின் நகரத்துத் தேநீர்க் கடைகளில் பினோ பெயர்தான் உருண்டுகொண்டிருக்கும்.

தடுப்பாட்டத்துக்கு வருவோம். 574 கெஜம் விட்டுக்கொடுத்த தடுப்பாட்டத்தைப் பாராட்டுவதா என்று கேட்பீர்கள். யூஎஸ்சி குவார்ட்டர்பேக் மேட் லைனார்ட் 40-க்கு 29, 365 கெஜம். ரிசீவர் ட்வெய்ன் ஜாரெட் பத்துப் பந்து பிடித்து 121 கெஜம், ஒரு டச்டவுன். வைட் 20 ஓட்டத்தில் 124 கெஜம், மூன்று டச்டவுன். இரண்டாம் பாதியில் யூஎஸ்சி நான்கு டச்டவுன் போட்டது. அதில் ஒன்று நான்காவது டவுனில், ஒரே ஒரு கெஜம் வேண்டிய இடத்தில் வைட் 12 கெஜம் ஓடிப் போட்டது. மானம் போகிற கணக்குதான் இது.

ஆனால் இதே தடுப்பாட்டம் நான்கு இடத்தில் நின்றது. முதல் கால்பகுதியில் டெக்சஸின் 17 கெஜக் கோட்டில் நான்காவது டவுன், ஒரு கெஜம் பாக்கி. லைனார்டே பந்தோடு முன்வரிசைக்குள் புகுந்தார், தள்ளி நிறுத்தினார்கள். அங்கேயே மூன்று புள்ளி உதையை எடுத்திருக்கலாம், கேரல் எடுக்கவில்லை. இரண்டாவது, யூஎஸ்சியின் இன்னொரு ஓட்டக்காரர் ரெஜி புஷ் ஒரு பாஸைப் பிடித்து முப்பது கெஜத்துக்கு மேல் ஓடி, டெக்சஸ் வாசலுக்கே வந்துவிட்ட பிறகு, பக்கத்தில் ஓடிவந்த தன் அணிக்காரரிடம் பந்தைத் தூக்கிப் போட்டார். அந்தப் பையன் அதை எதிர்பார்க்கவே இல்லை. பந்து புல்லில் உருள, ஹஃப் மேலே விழுந்து அமுக்கிக்கொண்டார். 14-0 ஆகியிருக்க வேண்டியது 7-3 ஆனது. மூன்றாவது, எண்ட் சோன் ஓரத்தில் மைக்கேல் கிரிஃபின் பாய்ந்து பிடித்த இன்டர்செப்ஷன். கோட்டுக்கு உள்ளே கால் ஊன்றியதே வித்தை. அந்தப் பந்திலிருந்துதான் டெக்சஸின் முதல் டச்டவுன் பிறந்தது. நான்காவது, ஆரம்பத்தில் சொன்ன அந்த இரண்டு கெஜம்.

இந்த நான்கில் இரண்டில் ஹஃப் இருக்கிறார். தடுப்பாட்டத்தின் சிறந்த வீரர் விருதை அவருக்குத் தந்தார்கள். பொருத்தம்தான். சேஃப்டி என்பவர் கடைசிக் காவல்காரர், பின்னால் நின்று நீளப் பாஸ்களைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர். வைட் இடிக்கவந்த அந்த ஒரு கணத்தில் அவர் பின்னால் நிற்கவில்லை. முன்வரிசை நெருக்கித் தள்ளிய இடத்தில், சந்து திறக்கும் முன்பே வந்து சேர்ந்துவிட்டார்.

அவர் எப்படி அவ்வளவு தைரியமாக முன்னே வந்தார்? என் குற்றச்சாட்டு இங்கே. கேரல் உதைக்காததைப் பலர் திட்டினார்கள். நான் அதை ஏற்கவில்லை. அதற்கு முந்தைய தடவை யங் பந்தை வாங்கி மூன்று நிமிடத்துக்குள் டச்டவுன் போட்டிருந்தார். அவரிடம் பந்தைக் கொடுக்காமல் இருப்பதைவிட நல்ல தடுப்பு ஏது? வைட்டிடம் கொடுத்ததும் தப்பில்லை, அன்று ஓட்டத்துக்கு ஆறு கெஜம் எடுத்துக்கொண்டிருந்தவர். தப்பு, ரெஜி புஷ்ஷை அந்த நான்காவது டவுனில் கோட்டுக்கு வெளியே நிற்கவைத்தது. அந்த ஆண்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் கோப்பை அவருடையது. யங்கை இரண்டாம் இடத்துக்குத் தள்ளி வாங்கியது. அன்று 13 ஓட்டத்தில் 82 கெஜம், பிடித்த ஆறு பந்தில் 95 கெஜம், கோட்டுக்கு முன்பே தாவிப் பறந்து போட்ட 26 கெஜ டச்டவுன் என்று எல்லாம் செய்தார். பந்தே வேண்டாம், சும்மா ஓரமாக நின்றிருந்தாலே டெக்சஸ் அவருக்காக ஒரு ஆளை ஒதுக்கியிருக்கும். அவர் இல்லை என்றதும் பந்து எங்கே வரும் என்பதில் ஹஃப்புக்கு இரண்டாவது யோசனையே தேவைப்படவில்லை. லைனார்ட் 2004 ஹைஸ்மன், புஷ் 2005 ஹைஸ்மன். இரண்டு ஹைஸ்மனை வைத்துக்கொண்டு இரண்டு கெஜத்துக்கு ஒற்றை வழி பார்த்தது என்ன கணக்கோ.

பந்து கைக்கு வந்ததும் டெக்சஸ் தன் 44 கெஜக் கோட்டிலிருந்து புறப்பட்டது. இந்தக் கடைசிப் பயணத்திலும் யங் தனியாகப் போகவில்லை. மூன்றாவது டவுனில் 12 கெஜம் வேண்டியிருந்தபோது க்வான் காஸ்பிக்குப் போன பாஸில் ஏழு கெஜம்தான் கிடைத்தது. ஆனால் யூஎஸ்சியின் டார்னெல் பிங் அவருடைய ஹெல்மெட்டின் முகக்கம்பியைப் பிடித்து இழுத்தார். 15 கெஜ அபராதம். நான்காவது டவுனாக வந்து நின்றிருக்க வேண்டியது, புதிதாக முதல் டவுன் ஆனது. அடுத்து பிரையன் கார்ட்டர் என்ற, அதுவரை யாரும் அதிகம் கவனிக்காத ரிசீவர், இரண்டு பந்தைப் பிடித்தார். அந்த இரண்டையும் மறந்துவிட்டு அந்த இரவைச் சொல்கிறவர்களோடு எனக்குச் சண்டை.

எட்டு கெஜக் கோடு. நான்காவது டவுன், ஐந்து கெஜம் பாக்கி, 26 விநாடி. ஐந்து புள்ளி பின்னால் இருப்பதால் ஃபீல்ட் கோல் உதைத்துப் பிரயோஜனம் இல்லை. யங் பந்தை வாங்கிப் பின்வாங்கினார், முதலில் பார்த்த ஆளுக்கு வழி இல்லை, அடுத்தவருக்கும் இல்லை. யூஎஸ்சி பின்வரிசை முழுக்க ரிசீவர்களோடு ஒட்டிக்கொண்டு, யங்குக்கு முதுகைக் காட்டி ஓடிக்கொண்டிருந்தது. ஆட்டம் முழுக்க அவர் காலையே பார்த்திருந்தவர்கள் கடைசியில் ஒரு முறை பார்க்கவில்லை. அவர் வலது பக்கம் நடப்பதுபோல இரண்டு அடி வைத்தார், பிறகு ஓட்டம். மூலைக் கம்பம் வரை ஒரு கை மேலே படவில்லை. கூடுதல் இரண்டு புள்ளிக்கான முயற்சியையும் அவரே ஓடி முடித்தார்.

தோற்ற பிறகும் தங்கள் அணிதான் சிறந்தது என்று நினைப்பதாக லைனார்ட் சொன்னார். அன்று அதற்காக அவரைக் கேலி செய்தார்கள். கெஜக் கணக்கை வைத்துப் பார்த்தால் அவர் சொன்னதில் அபத்தம் எதுவும் இல்லை. 34 ஆட்டம் தொடர்ந்து ஜெயித்து வந்த அணி அது. டெக்சஸுக்கு இது 1970-க்குப் பிறகு முதல் தேசியப் பட்டம்.

அடுத்த ஏப்ரலில் தொழில்முறை அணிகள் தேர்வு செய்தபோது புஷ் இரண்டாவது, யங் மூன்றாவது, ஹஃப் ஏழாவது, லைனார்ட் பத்தாவது. தாமஸ் மூன்றாம் சுற்றில் நியூ இங்கிலாந்து அணிக்குப் போனார். யங்கை எடுத்த டென்னசி டைட்டன்ஸ், இரண்டாம் சுற்றில் இன்னொருவரையும் எடுத்தது: லெண்டேல் வைட். 2008-இல் அந்த அணிக்காக வைட் 15 டச்டவுன் போட்டார், பெரும்பாலும் கோட்டுக்குப் பக்கத்திலிருந்து, ஒன்று இரண்டு கெஜம் இடித்து.