மேடு போட்டால் போதுமா?

பள்ளிக்கூட வாசலில் ஒரு பிள்ளை அடிபடும். ஊர் திரண்டு மறியலில் உட்காரும். தாசில்தார் வந்து சமாதானம் பேசுவார். இரண்டொரு நாளில் சாலைக்குக் குறுக்கே தார் மேடு முளைத்துவிடும். தமிழ்நாட்டில் பல வேகத்தடைகள் இப்படித்தான் வந்தன. நடந்து போகிறவர்கள் போராடி வாங்கிய பாதுகாப்பு அது. இடைஞ்சல் என்று அதை ஒதுக்கிவிடுவது நியாயமல்ல.

வேலையும் செய்கிறது. போக்குவரத்துக் காவலர் வீடு திரும்பிய பிறகும், நள்ளிரவிலும் வண்டியை மட்டுப்படுத்தும். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் மோதினால் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்வார்கள். 50-ஐத் தாண்டினால் உயிருக்கு உத்தரவாதமில்லை.

கோளாறு வடிவத்தில் இருக்கிறது. 1970-களில் பிரிட்டனின் சாலை ஆய்வுக்கூடத்தில் வாட்ஸ் என்ற ஆய்வாளர் சோதித்து வகுத்த மேடு 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் கொண்டது. சக்கரம் மெல்ல ஏறி மெல்ல இறங்கும். இந்தியச் சாலைகள் காங்கிரஸின் (ஐ.ஆர்.சி.) 99-ஆம் நெறிமுறையும் 1988-இல் மணிக்கு 25 கி.மீ. வேகத்துக்கு இதே அளவைத்தான் சொன்னது. கறுப்பு வெள்ளைப் பட்டையும் முன்னெச்சரிக்கைப் பலகையும் வேண்டும் என்றது. நம் தெருக்களில் கிடப்பதோ பெரும்பாலும் ஓரிரு அடி அகலத்தில் கூம்பி நிற்கும் மேடு. பெயிண்ட் தேய்ந்து, விளக்கும் இல்லாத இடத்தில் அது கண்ணுக்கே தெரியாது. பைக்கின் பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்துவரும் பெண்கள் தூக்கியெறியப்படுகிறார்கள். ஆம்புலன்ஸில் எலும்பு முறிந்து கிடப்பவருக்கு ஒவ்வொரு குலுக்கலும் வதை.

இன்னொரு குறை: மேடு ஓரிடத்தை மட்டுமே காக்கும். சாலை நேராக, அகலமாக நீண்டால் மேட்டைத் தாண்டியதுமே ஆக்சிலரேட்டரை முறுக்குவார்கள். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் 1960-களின் இறுதியில் உருவாகி, 1976-இல் சட்ட ஏற்புப் பெற்ற ‘வூனெர்ஃப்’ தெருக்களில் செடித்தொட்டி, வளைவு, மரம் என்று தெரு முழுவதுமே வண்டியை நடை வேகத்துக்கு இறக்கிவிடும். சென்னை பாண்டி பஜாரில் 2019-இல் நடைபாதையை விரித்து, வண்டிப் பாதையைக் குறுக்கியதும் இதே வழிதான். ஆனால் அதற்குக் கோடிகள் வேண்டும். எல்லாப் பேரூராட்சிக்கும் கட்டுப்படியாகாது.

பள்ளி வாசலுக்குப் பொருத்தமானது மேடைக் கடவை. நடைபாதை மட்டத்துக்குச் சாலையை உயர்த்தி, தட்டையான மேற்பரப்பில் வரிக்கோடு போடுவது. வண்டி தானே மெதுவாகும். முதியவரும் சக்கர நாற்காலிக்காரரும் படி இறங்காமல் கடக்கலாம். ஓரத்தில் மழைநீர் வடிய வழி விடாவிட்டால் முதல் மழைக்கே அங்கே தண்ணீர் குளமாகத் தேங்கும். அதைக் கட்டும்போதே கவனிக்க வேண்டும்.