மீசைக்காரன் வரும் நேரம்

மைசூருவிலிருந்து முப்பது கிலோமீட்டர் சொச்சத்தில் திருமகூடலு நரசிபுரா. காவிரியும் கபினியும் கூடுமிடம். ஒன்றின் மேலே கண்ணம்பாடி அணை, மற்றதன் மேலே பீச்சனஹள்ளி அணை. வானம் காய்ந்த ஏப்ரலிலும், குடிநீருக்கென்று மதகு திறந்தால் மட்டம் ஏறும். மூடினால் காலையில் நனைந்திருந்த பாறை மாலையில் சுடும். இந்த ஏற்ற இறக்கத்தைப் படிப்பதில்தான் கெளுத்தித் தூண்டிலின் ருசியே இருக்கிறது.

தண்ணீர் வற்றினால் மீன் மடுவில் ஒதுங்கும். ஏறத் தொடங்கினால், கரையோரப் புல்லில் மிதந்து வரும் புழு பூச்சிக்காக மேலே வரும். கலங்கிய நீரில் கண்ணுக்கு வேலையில்லை. மீசையால் தடவியும் மோந்தும் இரை தேடுகிற சாதி இது. ஆகவே பளபளப்பு எதற்கு? மண்புழுவோ கோழிக்குடலோ போதும். தக்கை மெல்ல நடுங்கும், பிறகு ஒரே அமுக்கு. இருட்டிய பின் வாளை வந்தால் கதையே வேறு, நரம்பு கையை அறுத்துவிடும்.

கெளுத்தியைக் கழற்றுவதும் ஒரு வித்தை. முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என மூன்று முள். குத்தினால் நெடுநேரம் கடுக்கும். விரல்களை முள்ளுக்குப் பின்னால் கொடுத்துப் பிடிக்க வேண்டும். குழம்புக்கு இதை மிஞ்ச ஆளில்லை என்பது என் கட்சி.

வாளை இன்று அழிவபாயப் பட்டியலில் இருக்கிறது. மழை தொடங்கியதும் சினையோடு சிக்கினால், தயவுசெய்து ஆற்றிலேயே விட்டுவிடுங்கள்.